பட்டாம்பூச்சிக் கத்தியும் பாளை அரிவாளும்

தை மாதத்து முற்பகல் ஒன்றில் திண்டிவனத்தில் பாசஞ்சர் ரயில் ஏறி விழுப்புரத்துக்குப் பிரயாணம் செய்துகொண்டிருந்தேன். மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் என்று ஒவ்வோர் ஊராக நின்று, ஏறுகிறவர்களுக்கும் இறங்குகிறவர்களுக்கும் போதிய அவகாசம் தந்து, ஏறக்குறைய 37 கிலோமீட்டர் தூரத்தை அவசரமில்லாமல் கடக்கிற அந்த வண்டியில், எனக்கு எதிர் இருக்கையில் கல்லூரி மாணவர் ஒருவர் அமர்ந்து, வலக்கையில் ஏதோ ஓர் உலோகக் கருவியைச் சுழற்றிக்கொண்டிருந்தார். இரண்டு பிடிகளும் நடுவில் ஓர் அலகும் கொண்ட அது, ஒரு கணம் விரிந்து, மறுகணம் மடங்கி, விரல்களின் முதுகின்மேல் உருண்டு, மறுபடியும் உள்ளங்கைக்கு வந்து சேர்ந்து, அத்தனைக்கும் டக், டக் என்று தாளம் போட்டுக்கொண்டே இருந்தது. பனங்கிழங்குக் கூடையோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்த கிழவி முதலில் கூடையை நகர்த்தினாள். பிறகு தானும் நகர்ந்தாள்.

"கண்ணு, அந்தக் கத்திய உள்ள வையேன். வண்டி ஆடுது, பயமா இருக்குது" என்றாள்.

"இது வெட்டாது ஆயா. பாரு, மொனையே இல்ல" என்று அந்தப் பிள்ளை அலகைத் தம் கன்னத்திலேயே தேய்த்துக் காட்டினார். உண்மைதான், அது வெறும் தகடு, வரிசையாகத் துளைகள் இட்ட, கூரும் பதமும் இல்லாத பயிற்சித் தகடு. ஆயினும் கிழவி சமாதானம் அடையவில்லை. நகர்ந்தவள் யாருக்கு அருகே போய் அமர்ந்தாள் என்பதே அன்று என் மனத்தில் தைத்த விஷயம். ஜன்னலோரம் இருந்தவர் ஒரு பனையேறி. கொல்லுப் பட்டறையில் அடித்துத் தோய்த்துச் சாணை பிடித்து வாங்கிய பாளை அரிவாளைச் சாக்குத் துணியில் சுற்றி மடியில் வைத்திருந்தார். பனம்பாளையை மெல்லிய இழை இழையாகச் சீவவல்ல அந்தக் கூர், நம் வீட்டு அரிவாள்மணையின் கூரைக் காட்டிலும் பல மடங்கு உக்கிரமானது. அதை மடியில் வைத்திருந்த மனிதரின் தோளில் சாய்ந்து கிழவி நிம்மதியாகக் கண்ணயர்ந்தாள்.

கூர் உள்ளதைக் கண்டு அஞ்சாமல் கூர் இல்லாததைக் கண்டு அஞ்சினாளே என்று அவளை அறியாதவளாக எண்ணுவது தவறு. பாளை அரிவாளுக்கு இன்ன வேலை என்பது அவளுக்குத் தெரியும். பையன் கையிலிருந்த கருவிக்கு என்ன வேலை என்பது தெரியாது. பிற்பாடு இது பற்றிய சட்டங்களைத் தேடிப் படித்தபோது, பல தேசத்துச் சட்டங்களும் அந்தக் கிழவி கேட்காமல் கேட்ட அதே கேள்வியைத்தான் நீட்டி எழுதி வைத்திருக்கின்றன என்பதைக் கண்டேன்.

இந்தக் கருவிக்குப் பட்டாம்பூச்சிக் கத்தி என்று பெயர். பிலிப்பைன்ஸ் தேசத்தில் பாலிசாங் என்பர். நம் வீட்டுப் பாக்குவெட்டியை மனத்தில் வைத்துக்கொண்டால் இதன் அமைப்பை எளிதில் விளங்கிக்கொள்ளலாம். பாக்குவெட்டியில் இரண்டு கைகளும் ஒரே ஆணியில் பிணைந்திருக்கும்; ஒன்று அசைந்தால் மற்றது அதற்கு எதிராக அசையும். இதிலோ அலகின் அடிப்பாகத்தில் இரண்டு ஆணிகள் அடுத்தடுத்து நிற்கின்றன. ஒவ்வோர் ஆணியிலும் ஒரு பிடி தனித்தனியே தொங்குகிறது. ஒவ்வொரு பிடியும் அலகைச் சுற்றி அரை வட்டம் சுழல வல்லது. ஒரு பக்கம் சுழன்றால் இரண்டு பிடிகளும் சிறகுகளைப் போல் வந்து அலகை மூடிக்கொள்கின்றன. மறுபக்கம் சுழன்றால் பின்னால் ஒன்றாகச் சேர்ந்து கைப்பிடியாகின்றன. பிடியின் அடியில் ஒரு சிறு கொக்கி இருக்கும். மூடிய நிலையிலோ திறந்த நிலையிலோ இரண்டு பிடிகளையும் பூட்டி வைப்பது அதுவே. சுருள்வில் இல்லை, பொத்தான் இல்லை. கையின் வீச்சும் உலோகத்தின் கனமும் மாத்திரமே இதைத் திறக்கின்றன.

ஒரு பிடியைப் பற்றிக்கொண்டு கையை வீசினால் அலகு ஒரு வேகத்திலும், அலகின் அடியில் தொங்குகிற மற்றொரு பிடி வேறொரு வேகத்திலும் சுழல்கின்றன. ஊசலின் நுனியிலே இன்னோர் ஊசலைக் கட்டித் தொங்கவிட்டாற்போன்ற இயக்கம் இது. அடுத்த கணம் எது எங்கே இருக்கும் என்பதைக் கண் கணித்துச் சொல்வதற்கு முன்பே விரல் அறிந்திருக்க வேண்டும். ஆகையால் இதைப் பழகுகிறவன் கண்ணை நம்புவதை விட்டு, உலோகத்தின் கனம் உள்ளங்கையில் எந்தத் திக்கில் இழுக்கிறது என்பதைக் கேட்கக் கற்றுக்கொள்கிறான். ஒரே அசைவை நூறு முறை, ஐந்நூறு முறை செய்து, நூற்றுக்கு எண்பது தவறியது நூற்றுக்கு எட்டுத் தவறும் வரை அவன் சலிப்பதில்லை. கட்டைவிரலைச் சுற்றி உருட்டுவது ரோல்ஓவர். ஆகாயத்தில் எறிந்து பிடிப்பது ஏரியல். இன்னும் சாப்ளின், ஹீலிக்ஸ் என்று வித்தைகளுக்குப் பெயர்கள் பல. மிருதங்கம் பயில்கிற பிள்ளை சாப்பாட்டு வேளையில்கூடத் தொடையைத் தட்டிக்கொண்டிருப்பது போல, இதிலே மனம் சென்றவனுடைய கையும் சும்மா இராது. இந்தச் சிரத்தையை நான் மதிக்கிறேன். கைத்தேர்ச்சி எதுவாயினும், ஏமாற்ற முடியாத ஓர் ஆசிரியனிடம் பாடம் கேட்பது போன்றது. தவறினால் கருவி கீழே விழுந்துவிடும், சாக்குச் சொல்ல இடமில்லை.

கூருள்ள கத்தியாக இருந்தால் அது கீழே விழுவதோடு நிற்பதில்லை. இரண்டு பிடிகளுள் ஒன்று அலகின் வாய்ப்புறத்தை ஒட்டியது, மற்றது முதுகுப்புறத்தை ஒட்டியது. முதுகுப்புறத்துப் பிடியைப் பற்றிச் சுழற்றினால் விரலில் வந்து மோதுவது மழுங்கிய முதுகு. வாய்ப்புறத்துப் பிடியை மறந்து பற்றிவிட்டால் வந்து மோதுவது கூர். பழகுகிறவர்கள் அதைக் கடிக்கிற பிடி என்றே அழைக்கிறார்கள். பொதுவாகக் கொக்கி இருக்கிற பிடி அதுதான். வேகமாகச் சுழற்றுகையில் பிடி மாறிப்போவது தேர்ந்த கைக்கும் நேரும். ஆட்காட்டி விரலின் கணுவில், தோலுக்கு அடியில் எலும்பை ஒட்டி ஓடுகிற தசைநாண் அறுபட்டால், தையல் போட்ட பிறகும் அந்த விரல் பழையபடி நீளாமலும் மடங்காமலும் போய்விடக்கூடும். காயம் பட்டால் சுத்தமான துணியை வைத்து அழுத்தி, கையை மார்புக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு விரைய வேண்டும். தனுர்வாத ஊசியைப் போட்டுக்கொள்ளாமல் திரும்பக் கூடாது. வீட்டிலே காப்பிப் பொடி வைத்துக் கட்டிவிட்டு மறைத்துவைக்கிற பிள்ளைகள் உண்டு என்பதனாலேயே இதை இங்கே எழுதுகிறேன்.

பிலிப்பைன்ஸில் மணிலாவுக்குத் தெற்கே பதங்காஸ் என்றொரு மாகாணம் இருக்கிறது. அதிலே தால் என்னும் பழைய நகரத்தைச் சார்ந்த ஒரு சிற்றூருக்குப் பாலிசாங் என்றே பெயர். கத்திக் கொல்லர்கள் வீட்டுக்கு வீடு பட்டறை வைத்து இந்தத் தொழிலைச் செய்து பிரசித்தி பெற்ற ஊர் அது. ஆயிரம் ஆண்டுப் பழமை என்று பெருமை பேசுவோர் உண்டு. அதற்கு ஆதாரம் இல்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்துதான் இந்தத் தொழிலின் வரலாறு தெளிவாகத் தெரிகிறது. 'முறிந்த கொம்பு' என்று பொருள்படும் சொற்றொடரிலிருந்து பெயர் வந்தது என்று அங்குள்ளோர் சொல்கிறார்கள். பிடிகளுக்கு மாட்டுக் கொம்பையும் மான் கொம்பையும் பயன்படுத்தியதால் அவ்விளக்கம் பொருத்தமாகவே தோன்றுகிறது. அந்நாட்டில் இதற்கு 'இருபத்தொன்பது' என்றும் ஒரு பட்டப்பெயர் உண்டு. திறந்த நிலையில் 29 சென்டிமீட்டர் நீளம் என்பது ஒரு காரணம். ஒருவன் இதைக் கொண்டு 29 பேரைச் சமாளித்தான் என்பது இன்னொரு கதை.

1979இல் அமெரிக்காவில் ஒரு நிறுவனம் பாலிசாங் என்ற பெயரையே சூட்டிக்கொண்டு இந்தக் கத்திகளைச் செய்யத் தொடங்கிற்று. பின்னாளில் பெஞ்ச்மேட் என்று பெயர் மாறிய அந்நிறுவனத்தின் முத்திரை இன்றைக்கும் பட்டாம்பூச்சிதான். நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது வந்து சேர்ந்த வழி வேறு. 2014இல் கவுன்டர் ஸ்டிரைக் என்னும் கணினி விளையாட்டில் இந்தக் கத்தியின் உருவம் சேர்க்கப்பட்டது. விளையாடுகிறவனுடைய கையில் அது திரையிலே சுழல்வதைப் பார்த்துப் பார்த்து, அதைத் தன் கையிலும் சுழற்றிப் பார்க்க ஆசைப்பட்ட பாலகர்கள் உலகெங்கும் பெருகினார்கள். செஞ்சியிலோ மரக்காணத்திலோ இருக்கிற ஒரு பிள்ளைக்கும் செல்போன் வழியாக அந்த ஆசை வந்து சேரத் தடை என்ன இருக்கிறது? கூரில்லாத பயிற்சிக் கருவிகளும், அலகுக்குப் பதிலாகச் சீப்பு வைத்தவையும் சந்தையில் மலிவாகவே கிடைக்கின்றன.

அயல் தேசங்களின் சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு நம் தேசத்துக்கு வருகிறேன். பிறந்த மண்ணாகிய பிலிப்பைன்ஸிலேயே 1972ஆம் ஆண்டின் 9ஆம் எண் ஜனாதிபதி ஆணையும், 1978ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றும், கூரிய ஆயுதங்களை வீட்டுக்கு வெளியே எடுத்துச் செல்வதைத் தடுக்கின்றன. பிழைப்புக்குரிய தொழிற்கருவியாக எடுத்துச் செல்பவருக்கு விலக்கு உண்டு. பிரிட்டனில் 1988 முதல் பட்டாம்பூச்சிக் கத்தியைச் செய்வதும் விற்பதும் இறக்குமதி செய்வதும் குற்றம். 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 2021 ஜூலை முதல், சொந்த வீட்டுக்குள் வைத்திருப்பதும் குற்றமாயிற்று. ஜெர்மனியில் 2003 முதல் தடை. ஆயினும் கூரற்ற பயிற்சிக் கருவிக்குத் தடை இல்லை. கனடாவின் குற்றவியல் சட்டம் புவியீர்ப்பாலோ சுழல்வீச்சாலோ தானே திறந்துகொள்ளும் அலகுடைய கத்தியைத் தடை செய்யப்பட்ட ஆயுதமாகக் கருதுகிறது. லண்டனிலும் டொரான்டோவிலும் உறவினர் வீட்டுக்குப் போகிற நம்மவர், ஊரில் விளையாட்டாக வைத்திருந்ததைப் பெட்டியில் போட்டுக்கொண்டு போனால் என்ன நேரும் என்பதை இதிலிருந்தே ஊகித்துக்கொள்ளலாம். அமெரிக்காவின் ஹவாய் மாநிலம் மாத்திரம் எதிர்த் திசையில் சென்றது. 1999இல் முற்றிலும் தடை செய்த அந்த மாநிலத்தின் சட்டம் அரசியலமைப்புக்கு முரணானது என்று 2023 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்ற அமர்வு ஒன்று தீர்ப்புக் கூறிற்று. மறு விசாரணை நடந்துகொண்டிருக்கையிலேயே, 2024இல் மாநில சட்டசபை தானே தடையைத் தளர்த்திவிட்டது.

இந்தியாவில் பட்டாம்பூச்சிக் கத்தியைப் பெயர் சொல்லித் தடுக்கிற மத்தியச் சட்டம் இல்லை. இதைக் கேட்டவுடன் 'அப்படியானால் தாராளமாக வைத்துக்கொள்ளலாம்' என்று ஒரு சாராரும், 'கத்தி என்றாலே கைது' என்று மற்றொரு சாராரும் முடிவுகட்டிவிடுகிறார்கள். இரண்டும் பிசகு. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமே இங்கே ஆதாரம். 1962 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கிற அச்சட்டம், பிரிட்டிஷார் 1878இல் இயற்றிய சட்டத்தின் இடத்தில் வந்தது. தாக்குவதற்கோ காத்துக்கொள்வதற்கோ ஆயுதமாக வகுக்கப்பட்ட எந்தப் பொருளும் ஆயுதம் என்று இலக்கணம் சொல்லிவிட்டு, அது இரண்டு விலக்குகளைத் தருகிறது. வீட்டு உபயோகத்துக்கோ விவசாயத்துக்கோ மாத்திரம் அமைந்த பொருள் ஆயுதம் அன்று. விளையாட்டுப் பொருளாகவன்றி வேறெதற்கும் பயன்படாததும், பயன்படக்கூடிய ஆயுதமாக மாற்ற முடியாததுமான பொருளும் ஆயுதம் அன்று.

இந்த இரண்டு விலக்குகளையும் நிதானமாக வாசித்தபோது அந்த ரயில் பெட்டி மறுபடியும் என் கண்முன் வந்தது. பனையேறியின் மடியில் இருந்த அரிவாளைக் காக்கிறது முதல் விலக்கு. அது விவசாயத்தின் கருவி. மாணவரின் கையில் இருந்த துளைத் தகட்டைக் காக்க வல்லது இரண்டாவது விலக்கு. அது விளையாட்டுப் பொருள். இரண்டுக்கும் நடுவே, பாளையும் சீவாமல் பாக்கும் வெட்டாமல், விளையாட்டுக்கு வேண்டாத கூரைச் சுமந்துகொண்டு நிற்கிறதே கூருள்ள பட்டாம்பூச்சிக் கத்தி, அதற்காகப் பரிந்து பேச எந்த விலக்கும் இல்லை.

இரண்டாவது விலக்கிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. மாற்ற முடியாததாக இருக்க வேண்டும் என்கிறது சட்டம். பயிற்சிக் கருவிகள் சிலவற்றில் திருகாணியைக் கழற்றி, தகட்டை நீக்கி, அதே இடத்தில் கூரலகைப் பொருத்திக்கொள்ளலாம். கனமான தகடாயின் சாணையில் கொடுத்துப் பதம் ஏற்றவும் கூடும். அப்படிப்பட்டது வெறும் விளையாட்டுப் பொருள்தான் என்று வாதிடுவது கடினம். வாங்குகிறவர்கள் மெல்லிய, துளையிட்ட, விளிம்பு உருண்ட தகடு உள்ளதாகப் பார்த்து வாங்குவது உத்தமம்.

அடுத்தது அளவு பற்றிய விதி. ஆயுத விதிகள் 2016இன் முதல் அட்டவணையில் ஐந்தாம் வகையாக வாள், குத்துவாள், ஈட்டி, கிர்பான், குக்ரி முதலியவற்றைச் சேர்த்து, 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுடைய ஆயுதங்கள் என்று வரையறுத்திருக்கிறார்கள். வீட்டுக்கும் விவசாயத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் தொழிலுக்கும் உரியவை இங்கேயும் விலக்கு. பட்டாம்பூச்சிக் கத்தியின் அலகு பொதுவாக நாலு அங்குலம், நாலரை அங்குலம்; ஆகவே அளவினால் இவ்வகையில் அது சேராது. ஆனால் சட்டத்தின் 4ஆம் பிரிவு, பொது நலத்தை முன்னிட்டு ஒரு பகுதியில் ஒரு குறிப்பிட்ட வகை ஆயுதத்தை உரிமம் இல்லாமல் வாங்கவோ வைத்திருக்கவோ எடுத்துச் செல்லவோ கூடாது என்று அறிவிக்கை வெளியிட அரசுக்கு அதிகாரம் அளிக்கிறது. அறிவிக்கை உள்ள பகுதியில் அதை மீறினால் சிறைத் தண்டனை. டில்லி நிர்வாகம் 1980 அக்டோபர் 29ஆம் தேதியிட்ட அறிவிக்கையால் பொத்தான் கத்தி, சுருள்வில் கத்தி முதலியவற்றுள் 7.62 சென்டிமீட்டர் நீளமும் 1.72 சென்டிமீட்டர் அகலமும் எட்டியவற்றைக் கட்டுக்குள் கொண்டுவந்தது. இரண்டு சென்டிமீட்டர் அகலம்கூட இல்லாத கத்தியும் அந்த அளவில் சிக்கிவிடும். ஆகவே, ஓர் ஊரில் கேள்வியே இல்லாத பொருள் இன்னோர் ஊரில் குற்றமாகலாம். இறக்குமதிக்கோ 10ஆம் பிரிவின்படி தனியே உரிமம் வேண்டும். அயல்நாட்டிலிருந்து கூருள்ளதை வரவழைக்கிறவர்கள் சுங்க அதிகாரியின் கேள்விக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

கத்தியினாலேயே பேர் பெற்று, கத்தியினாலேயே நொந்த ஊர் ஒன்று நம் தேசத்திலும் இருக்கிறது. உத்தரப் பிரதேசத்து ராம்பூரின் மடக்குக் கத்தி ஒரு காலத்தில் ஹிந்தி சினிமாவில் வில்லனின் கையைவிட்டு நீங்காத அணிகலனாக இருந்தது. கைவினைஞர்கள் பரம்பரையாகச் செய்துவந்த அந்த வேலைப்பாடு மிக்க பொருள், ரௌடிகளின் அடையாளமாகப் படம் படமாகக் காட்டப்பட்டு, கடைசியில் 1990களில் நாலரை அங்குலத்துக்கு மேல் அலகு கூடாது என்று மாநில அரசு தடை விதித்ததும், பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடின. 2023இல் அவ்வூர் நாற்சந்தியில் ஏறக்குறைய 20 அடி நீளத்துக்கு ஒரு ராம்பூரிக் கத்தியைச் செய்து நிறுத்தினார்கள். கத்தி ஊரின் சின்னமாக நிற்கிறது. செய்கிற கைகள் அருகிவிட்டன. ஒரு கைத்திறனைப் பயமுறுத்தும் வேஷத்தோடு சேர்த்துவிட்டால் முதலில் நசிவது அந்தக் கைத்திறன்தான் என்பதற்கு ராம்பூர் பிரத்தியட்ச சாட்சி.

தமிழ்நாட்டு ஜனங்களின் பயத்துக்கும் காரணம் இல்லாமல் இல்லை. 2018 பிப்ரவரியில் சென்னைக்கு அருகே மலையம்பாக்கத்தில் ஒரு ரௌடியின் பிறந்தநாளுக்குக் கூடிய எழுபதுக்கும் மேற்பட்டோரைப் போலீஸார் சுற்றி வளைத்துப் பிடித்த செய்தியும், அரிவாளால் கேக் வெட்டிய அந்தப் படமும் நாடெங்கும் பரவின. அதற்குப் பின் பட்டாக்கத்தியோடு படம் எடுத்துப் போட்டுக்கொள்கிற இளைஞர்கள் கைதாவது நாளிதழ்களில் வாடிக்கையாகிவிட்டது. 2023 ஆகஸ்டில் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவனை உடன் படித்தவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டிய கொடுமையைப் படித்துவிட்டு அன்றிரவு உறங்க முடியாதவர்களில் நானும் ஒருவன்; அதன் பிறகே மாணவரிடையே சாதிப் பகைமையை நீக்குவது பற்றி ஆராய நீதிபதி கே. சந்துரு அவர்களின் ஒரு நபர் குழு அமைந்து, 2024 ஜூனில் அறிக்கை தந்தது. இத்தனையும் நடந்த நாட்டில், புத்தகப் பையிலிருந்து ஒரு மாணவன் உலோக அலகை வெளியே எடுத்தால், அருகில் உள்ளவர் அதன் விளிம்பைத் தடவிப் பார்த்துவிட்டா பயப்படுவார்?

போலீஸாருக்கும் அதே சங்கடம்தான். திண்டிவனம் பேருந்து நிலையத்திலோ விழுப்புரம் சந்திப்பிலோ ஒருவன் கத்தி சுழற்றுகிறான் என்று தகவல் வந்தால், அவர்கள் முதலில் பையனைப் பிடித்துவிட்டுத்தான் கத்தியைப் பார்ப்பார்கள். கூர் இருந்து, யாருக்காவது சிறு காயம் பட்டுவிட்டால், 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 118ஆம் பிரிவு வருகிறது. வெட்டும் கருவியால் வேண்டுமென்றே காயம் விளைவித்தால் மூன்று ஆண்டு வரை சிறையோ, 20,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ. வேண்டுமென்று செய்யவில்லை என்பதை நிரூபித்துக்கொண்டு வழக்கிலிருந்து மீளலாம். ஆனால் பாஸ்போர்ட்டுக்கும் அரசாங்க உத்தியோகத்துக்கும் போலீஸ் விசாரணை வருகிறபோது, நிலுவையில் உள்ள ஒரு வழக்கு ஓர் ஏழைக் குடும்பத்தின் பத்தாண்டு உழைப்பையே வீணாக்கிவிட வல்லது.

இங்கே நமக்கே உரிய ஒரு சம்பிரதாயத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். சிலம்பம் கற்பிக்கிற ஆசான் எவரும் முதல் நாளே வாளைக் கையில் கொடுப்பதில்லை. காலடி வரிசை முதலில், பிறகு கம்பு, கம்பிலே கை பழுத்து, மனமும் பழுத்துவிட்டதென்று ஆசானுக்குத் திருப்தி ஏற்பட்ட பிறகே மான்கொம்பும் வாளும் சுருள்வாளும். அவையும் பெரும்பாலும் ஆசானின் வீட்டிலேயே இருக்கும். களத்துக்கு வரும், களத்திலிருந்து திரும்பும். மாணவன் இடுப்பில் ஊர் சுற்றுவதில்லை. 1801 டிசம்பரில், பாளையக்காரர் போர் முடிந்த கையோடு, சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் ஆயுதம் தாங்குவதைத் தடுத்துப் பிரகடனம் செய்தபோதும், அதற்குப் பின் வந்த 1878ஆம் ஆண்டுச் சட்டத்தின் காலத்திலும், இந்தக் கலை அழியாமல் நம் கைக்கு வந்து சேர்ந்ததற்கு, அதன் பெரும்பகுதி கூரில்லாத மூங்கிற்கம்பிலேயே வாழ்ந்ததும் ஒரு காரணம் என்பது என் அபிப்பிராயம். இன்று சிலம்பத்துக்குத் தமிழக அரசின் வேலைவாய்ப்பில் விளையாட்டு வீரர்களுக்குரிய 3 சதவீத ஒதுக்கீட்டில் இடம் உண்டு. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளில் அது செய்முறை விளையாட்டாக அரங்கேறிற்று. கம்பு சுழற்றுகிற பிள்ளையைக் கண்டு எந்தக் கிழவியும் கூடையை நகர்த்துவதில்லை.

'மழுங்கல் தகட்டில் பழகுவது பொம்மை விளையாட்டு, கூருள்ளதில் பழகுவதே ஆண்மை' என்று ஓர் எண்ணம் இளைஞர்களிடையே உலவுகிறது. அதை நான் முழு மனத்தோடு மறுக்கிறேன். சுழற்சியின் கடினம் அலகின் கனத்திலும் இரண்டு பிடிகளின் எடையிலும் ஆணிகளின் வழவழப்பிலும் இருக்கிறதே தவிர, விளிம்பின் கூரில் இல்லை. அதே எடை, அதே நீளம், அதே ஆணி உள்ள பயிற்சிக் கருவியில் ஒரு வித்தையைப் பிழையின்றிச் செய்கிறவன் அந்த வித்தையை முழுவதும் அறிந்தவனே. கூர் கூடுவதால் அவனுடைய சாமர்த்தியம் ஓர் இம்மியும் கூடுவதில்லை, தழும்புதான் கூடும்.

அன்று வண்டி முண்டியம்பாக்கத்தை நெருங்கியபோது, அந்த மாணவர் கருவியை மடக்கிக் கொக்கியை மாட்டிப் பையின் அடியில், புத்தகங்களுக்குக் கீழே வைத்தார். பனையேறி அதுவரை ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தவர், "இம்மாம் நல்லா சுத்தற தம்பி, வூட்டு வாசல்ல சுத்து, நாலு பேரு நின்னு பாப்பாங்க" என்றார். பிள்ளை சிரித்துத் தலையசைத்தார்.

பெற்றோருக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் மகனுடைய மேசை இழுப்பறையில் இப்படி ஒன்று அகப்பட்டால், கூச்சலிட்டு அதைக் கிணற்றில் எறிந்துவிடாதீர்கள். முதலில் அதைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, விளிம்பைப் பாருங்கள். கூர் இருந்தால் அது வீட்டில் இருக்க வேண்டாம். கூர் இல்லையென்றால், அவன் கற்ற வித்தைகளுள் ஒன்றை உங்கள் எதிரில் செய்து காட்டச் சொல்லிப் பாருங்கள். பள்ளிக்கும் பேருந்துக்கும் ரயிலுக்கும் அதை எடுத்துச் செல்வதில்லை என்று அவனிடம் வாக்கு வாங்குங்கள். பக்கத்து ஊரில் சிலம்ப ஆசான் ஒருவர் இருந்தால், வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே அவனை அழைத்துக்கொண்டு போய் அவரிடம் சேர்த்துவிடுங்கள்.